வால்பாறை எஸ்டேட் பங்களாவில் தங்கப் போகிறவர்களுக்கு

நான் பொள்ளாச்சிக்காரி. வால்பாறையில் எங்கே தங்கலாம் என்று கேட்கிற சொந்தபந்தம் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: கையில் காசு இருந்தால் துரைமார் இருந்த பழைய தோட்டத்து பங்களா, இல்லையென்றால் டவுனில் சாதாரண லாட்ஜ். பழைய பெயரை மாட்டிக்கொண்ட புது காட்டேஜ் மட்டும் வேண்டாம்.

பங்களாவில் நீங்கள் காசு கொடுப்பது அறைக்கு இல்லை, வராந்தாவுக்கும் சமையல்காரருக்கும். அதனால் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஓடி வருவதில் அர்த்தமில்லை. இரண்டு ராத்திரியாவது போடுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் போன் போட்டுப் பேசுங்கள். படத்தில் கணப்பு அடுப்பு அழகாகத்தான் இருக்கும். "ஏனுங்கண்ணா, அதுல நெருப்பு மூட்டுவீங்களா, சும்மா பாக்கறதுக்குங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் பாத்ரூம். பல பழைய வீடுகளில் அது பின்னால் சேர்த்துக் கட்டியது. அறையோடு ஒட்டி இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், வயசானவர்கள் ஏறப் படி எத்தனை என்பதையும் கேளுங்கள். டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேட்க மறக்கிறவர்கள்தான் அதிகம். பாவம், அந்தக் குளிரில் அவர் வண்டிக்குள் சுருண்டு கிடப்பார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். தோட்டத்துக்குள் நடந்தால் அட்டை ஏறும், காலில் கட்ட நீள சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். போர்வையில் லேசாக ஈர வாடை அடித்தாலும் பழைய வீட்டில் அது சகஜம். சண்டைக்குப் போகாமல் வேறொன்று கேட்டு வாங்குங்கள். எனக்கு மழை நின்ற பிறகு வரும் மாதங்கள்தான் பிடிக்கும்.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. வெளிச்சத்திலேயே ஏறிவிடுங்கள். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் அணை முழுசாகத் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடும் நிற்கும். பங்களா போய்ச் சேர்ந்த பிறகு, இருட்டினால் வாசலைத் தாண்ட வேண்டாம். யானை, காட்டுமாடு எல்லாம் தேயிலைக்குள் சாதாரணமாக வரும். காவலாளி "உள்ள இருங்க" என்றால் பேசாமல் உள்ளே இருங்கள். சிங்கவால் குரங்கு பார்க்க வேண்டுமென்றால் பகலில் புதுத்தோட்டம் பக்கம் போங்கள். தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடை பக்கத்தில் இல்லை, நினைத்த நேரத்தில் கோழி கிடைக்காது. மெனு அட்டையில் இருக்கும் சூப், கட்லெட்டை விட, சமையல்காரர் தன் வீட்டுக்குச் செய்கிற குழம்பைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

கிளம்பும்போது அவருக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். இறங்கும் நாள் காலையில் வயிறு முட்டப் பொங்கல் சாப்பிடாதீர்கள். கட்டித் தரச் சொல்லி, ஆழியாறு வந்து பிரியுங்கள்.