‘மிஸ்டரி மென்’ படத்தை எப்படிப் பார்த்தால் பிடிக்கும்?

பெரிய சக்தி எதுவும் இல்லாத சில சூப்பர்ஹீரோக்களைப் பற்றி 1999-ல் வந்த இந்த நகைச்சுவைப் படத்துக்குச் செலவு சுமார் 6.8 கோடி அமெரிக்க டாலர். வசூல் அதில் பாதியளவுதான். இயக்குநர் கின்கா அஷர் விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். இதற்குப் பிறகு முழுநீளப் படம் எதுவும் எடுக்கவில்லை. படம் அப்படியொன்றும் மோசமில்லை. தவறான எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால்தான் மொக்கையாகத் தெரியும்.

முதலில், மார்வெல் சூப்பர்ஹீரோ படங்களை மறந்துவிடுங்கள். ‘எக்ஸ்-மென்’ வருவதற்கு ஓராண்டு முன்பே வந்த படம் இது. கலாய்ப்பது 90களின் பேட்மேன் படங்களை. ‘பேட்மேன் அண்ட் ராபின்’ (1997) படத்தில் ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தால், இங்கே நகரம் ஏன் இத்தனை நியான் வெளிச்சத்தில் மின்னுகிறது என்பது விளங்கும்.

எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். நகரத்தின் பெரிய சூப்பர்ஹீரோவான கேப்டன் அமேசிங்கின் உடையைப் பாருங்கள்: கார் பந்தய வீரர்போல உடம்பெல்லாம் விளம்பரச் சின்னங்கள். வில்லன்களையெல்லாம் பிடித்து உள்ளே தள்ளிவிட்டதால் விளம்பரதாரர்கள் கழன்றுகொள்கிறார்கள். உடனே அவரே ஒரு பழைய வில்லனை வெளியே எடுக்க ஏற்பாடு செய்கிறார். கதையே இதிலிருந்துதான் கிளம்புகிறது. சின்னத் திரையில் அந்தச் சின்னங்கள் தெரியாவிட்டால் கிண்டலும் தெரியாது.

ஆங்கில வசனவரியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வீரர்களுக்குப் பயிற்சி தரும் ஸ்ஃபிங்க்ஸ் பேசும் தத்துவமெல்லாம் வார்த்தைகளை முன்பின்னாகத் திருப்பிப் போடுவதுதான். காதில் விழுவதற்குள் ஓடிவிடும். கண்ணாடி வாக்குவாதத்தையும் தவறவிடாதீர்கள். கோடீஸ்வரர் லான்ஸ் ஹன்ட்தான் கேப்டன் அமேசிங் என்று ஒருவர் சொல்ல, ‘லான்ஸ் கண்ணாடி போடுகிறவராச்சே’ என்று மறுக்கிறார் ஷவலர். ‘அதைக் கழற்றிவிடுவார்’ என்றால், ‘அப்புறம் கண் எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறார். ஷவலராக வரும் வில்லியம் எச். மேசி இதைத் துளிச் சிரிப்பும் இல்லாமல் சொல்கிறார். மண்வெட்டியைத் தவிர வேறு சக்தியில்லாத, மனைவியிடம் திட்டு வாங்கும் அந்தக் குடும்பஸ்தரைப் பின்தொடர்ந்து பாருங்கள், படம் பிடிபட்டுவிடும்.

வீரர்களில் இன்னொருவரான புளூ ராஜா நம்மவர்களில் சிலரை முகம் சுளிக்க வைக்கலாம்: தலைப்பாகை, போலியான பிரிட்டிஷ் உச்சரிப்பு, உடையில் நீலமோ தேடினாலும் கிடைக்காது. சுளிப்பதில் தப்பில்லை. ஆனால் படம் கேலி செய்வதே அந்த வேடத்தைத்தான். அம்மாவோடு வசிக்கும் அந்த ஆள், வீட்டு முட்கரண்டிகளை எடுத்துப்போய் எறிகிறார். கத்தியைத் தொடவே மாட்டார். அம்மாவிடம் அகப்படும் காட்சி நம் வீட்டு அடுப்படியில் நடப்பதுபோலவே இருக்கும்.

நடுவில் பயிற்சிக் காட்சிகள் இழுக்கும். வாயுவையே ஆயுதமாக்கும் ஸ்ப்ளீன் என்ற வீரரின் நகைச்சுவை சின்னப் பிள்ளைகளுக்குத்தான்; அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தே கலக்கி வரலாம். ஆனால் பயிற்சிக்கு முன்பே வரும் புதிய வீரர்களுக்கான நேர்காணலைத் தவறவிடாதீர்கள்.

ஓடும் நேரம் 121 நிமிடம். எட்டு மணிக்கு ஆரம்பித்தால், வில்லனின் டிஸ்கோ கும்பலின் ஆட்டமும் கடைசிச் சண்டையும் பத்து மணியை ஒட்டி முடியும். வீவக அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டாரும் பொறுத்துக்கொள்வார்கள். பிறகு ஸ்மாஷ் மவுத்தின் ‘ஆல் ஸ்டார்’ வீடியோவைப் போடுங்கள். ‘ஷ்ரெக்’ பாட்டு என்று எல்லாரும் நினைக்கும் அது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படத்தின் இசைத்தொகுப்பில் வந்தது. வீடியோவில் இந்தப் படத்தின் வீரர்களும் தலைகாட்டுகிறார்கள்.