மாரியில் தொண்டை வீங்கினால்

வன்னியில் மாரி தொடங்கிப் பட்டி சேறானதும் மாடு திடீரென்று விழுந்தால், முதலில் நினைக்க வேண்டியது தொண்டை அடைப்பான் என்ற கிருமி நோய். எருமைக்கு ஆபத்து இன்னும் கூட. காய்ச்சல் 41 பாகை செல்சியசைத் தாண்டும், எச்சில் வடியும், வீக்கம் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும். விரலால் அழுத்துங்கள்: சூடும் நோவுமாகக் குழி விழுந்தால் இதைச் சந்தேகிக்கலாம். தொடை வீங்கி நொறுநொறுத்தால் அது சப்பை நோய் என்ற வேறொரு நோய்; கால்நடை மருத்துவப் பரீட்சையில் பலர் சறுக்கும் இடம். கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், தொண்டை அடைப்பானை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமி இரு முனையிலும் சாயமேறித் தெரியும். இறந்து நேரமாகிவிட்டதா? நீள எலும்பை உடைக்காமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள், எலும்பு மச்சையில் கிருமி தங்கியிருக்கும். ஆனால் மூக்கிலும் மலவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கண்டால் கத்தியையே எடுக்காதீர்கள், மனிதருக்கும் தொற்றும் அந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி மழைக்கு முன்னரே. வீக்கம் வந்தபின் மருந்து பெரும்பாலும் பிந்திவிடும்.