சிகரெட்டிலிருந்து இ-சிகரெட்டுக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகரெட்டை விட முடியாமல் தவித்த ஒருவர் இ-சிகரெட் வாங்குகிறார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் சட்டைப் பையில் இரண்டும் இருக்கின்றன. அறைக்குள் இருக்கும்போது இ-சிகரெட். சாப்பிட்டு முடித்ததும், மனம் சரியில்லாதபோதும் பழைய சிகரெட். நாளுக்கு இருபது என்றிருந்தது ஐந்தாகக் குறைந்துவிட்டதே என்று ஓர் ஆறுதல் வேறு. மாறுகிறவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான். அதிகம் பேர் செய்வதும் இதுதான்.

எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தும் அதே அளவுக்குக் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இதயம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2018-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் வரும் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. ஐந்து பிடிப்பவர் எவ்வளவு தப்பித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

மாறுவதால் கிடைக்கும் நன்மை முழுவதும் புகை நின்றுபோவதில்தான் இருக்கிறது. புகையிலை எரியும்போது தார், கார்பன் மோனாக்சைடு உட்பட 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை வரவழைப்பவை. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. பேட்டரியால் சூடாகும் 'காயில்' என்ற கம்பிச்சுருள், புரோபிலீன் கிளைகாலும் கிளிசரினும் நிகோடினும் சுவையூட்டிகளும் கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. அதனால் தீங்கே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆவியைப் பல பத்தாண்டுகள் சுவாசித்தால் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இதுவரை புகைக்காதவர்களும், முக்கியமாக இளைஞர்களும், இதைத் தொடவே கூடாது. புகைப்பவருக்கு இது ஒரு பாலம். பாலத்தில் ஏறிய பிறகு ஒரு காலைப் பழைய கரையிலேயே வைத்திருப்பதில் பயன் இல்லை. ஓரிரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். கடைசி சிகரெட்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் பையில் தங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் இன்னொரு தவறு காரணமாக இருக்கிறது. நிகோடினைப் பார்த்துப் பயந்து, முதலிலேயே மிகக் குறைந்த அளவுள்ள திரவத்தை வாங்கிவிடுகிறார்கள். நிகோடின் அடிமைப்படுத்தும், இதயத் துடிப்பைக் கூட்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது; எல்லாம் உண்மை. ஆனால் புகைப்பவருக்குப் புற்றுநோயைத் தருவது முதன்மையாகப் புகைதான். நாளெல்லாம் சிகரெட் பிடித்துப் பழகிய உடலுக்கு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவத்தைக் கொடுத்தால் ஏக்கம் தீராது. மாலைக்குள் கை சிகரெட்டைத் தேடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். அதிகம் புகைத்தவர்கள் தொடக்கத்தில் அந்த அளவை ஒட்டித் தொடங்குவதில் தவறில்லை. தலைசுற்றலோ குமட்டலோ படபடப்போ வந்தால் அளவு அதிகம் என்று பொருள். உடனே நிறுத்திவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

இழுக்கும் விதமும் மாற வேண்டும். சிகரெட்டைப் போலச் சட்டென்று, அடுத்தடுத்து இழுத்தால் திரவம் வாய்க்குள் தெறிக்கும், இருமல் வரும், 'இது எனக்கு ஒத்துவரவில்லை' என்று தூக்கிப் போடத் தோன்றும். மூன்று நான்கு விநாடி மெதுவாக இழுத்து, சற்று இடைவெளி விடுங்கள். பல கருவிகளில் நிகோடின் சிகரெட்டைவிடத் தாமதமாகத்தான் இரத்தத்தில் ஏறுகிறது. முதல் நாள்களில் வரும் வறட்டு இருமலுக்கும் வாய் வறட்சிக்கும் தண்ணீர் நிறையக் குடித்தால் போதும். நாளாக ஆகக் குறைந்துவிடும்.

காயிலைப் புதிதாக மாற்றுகிறவர்கள் அவசரப்படுவதையும் அடிக்கடி பார்க்கலாம். காயிலுக்குள் இருப்பது பஞ்சு. அதன் துளைகளில் முதலில் இரண்டு மூன்று சொட்டு திரவம் விட்டு, பிறகு திரவம் வைக்கும் கலத்தை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். பஞ்சு முழுவதும் ஊறும்முன் பொத்தானை அழுத்தினால் உலர்ந்த இடம் கருகிவிடும். தொண்டையை அறுப்பது போன்ற அந்தக் காந்தல் சுவையைப் பொறுத்துக்கொண்டு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிகம் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் கூடுகின்றன. காந்தல் வந்த காயிலின் வேலை முடிந்துவிட்டது.

யார் தயாரித்தது என்றே தெரியாத திரவத்தை வாங்குவது உயிருக்கே உலை வைக்கும். அமெரிக்காவில் 2019-ல் திடீரெனப் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து அடைத்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நீங்களாக எந்த எண்ணெயையும் திரவத்தில் கலக்காதீர்கள்.

சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை செய்யப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். தடை உள்ள இடத்தில் கள்ளச்சந்தையைத் தேடிப் போகாதீர்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், வரெனிக்லின் மாத்திரை ஆகியவை சோதித்து நிறுவப்பட்ட வழிகள். மருத்துவரிடம் கேட்டால் உங்களுக்கு ஏற்றதைச் சொல்வார்.

மருத்துவரைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. இதை மிகச் சிலரே அறிந்திருக்கிறார்கள். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, சில மருந்துகளை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. இதைச் செய்வது நிகோடின் இல்லை, புகைதான். ஆகவே இ-சிகரெட்டுக்கு முழுமையாக மாறிய சில நாள்களிலேயே, அதே மாத்திரை உடலில் அதிக அளவில் தங்கத் தொடங்கும். மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றை எடுப்பவர்கள், சிகரெட்டை நிறுத்தும்முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். காபியும் இப்படித்தான். சிகரெட்டை விட்ட பிறகு வரும் தூக்கமின்மைக்குச் சில நேரம் வழக்கமான காபி அளவே காரணமாக இருக்கும்.

நிகோடின் திரவம் குழந்தையின் வாய்க்குள் போனால் விஷம். பூட்டிய அலமாரியில் வையுங்கள். தனி பேட்டரிகளைச் சாவி, நாணயங்களோடு ஒரே பையில் போடாதீர்கள். விமானப் பயணத்தில் கருவி கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கடைசித் தவறு, இ-சிகரெட்டுக்கும் முடிவு என்று ஒன்று உண்டு என்பதை மறப்பது. சிகரெட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. பத்துப் பதினைந்து இழுப்பில் அது அணைந்துவிடும். இந்தக் கருவி அணைவதே இல்லை. இங்கிலாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓராண்டுக்குப் பிறகு சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் இ-சிகரெட் குழுவில் 18 சதவீதம். நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அப்படி வெற்றி பெற்றவர்களில், முதல் குழுவில் 80 சதவீதம் பேர் இ-சிகரெட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள்; இரண்டாவது குழுவில் 9 சதவீதம் பேர்தான் பட்டையையோ சூயிங்கத்தையோ விடாமல் இருந்தார்கள். சிகரெட்டின் நினைப்பு நன்றாக மங்கிய பிறகு, 20 மில்லிகிராமிலிருந்து 12-க்கும், அங்கிருந்து 6-க்கும் படிப்படியாக இறங்குங்கள். எந்தப் படியிலாவது சிகரெட் ஆசை தலைதூக்கினால் ஒரு படி மேலே ஏறிச் சில வாரம் அங்கேயே நில்லுங்கள். சிகரெட் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.