முதலில் கேளுங்கள்: எப்போதிலிருந்து?

அம்மாவுக்கு அப்போது 74 வயது. ஒரு நாள் சாயங்காலம், "என் வளையலை நீதானே எடுத்தே?" என்று என்னைக் கேட்டார். வளையல் அவர் கையிலேயே இருந்தது. கோபத்தில் நானும் பதிலுக்குப் பேசிவிட்டேன். ராத்திரி, அறை மூலையில் குழந்தைகள் நிற்பதாகச் சொன்னபோதுதான் பயம் வந்தது. மறுநாள் பார்த்தால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 119. அது 135க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு வாரம் முன்பு பிரஷருக்காகச் சேர்த்த நீர் மாத்திரைதான் உப்பை இறக்கியிருந்தது. ஐந்தாம் நாள் அம்மா பழைய அம்மாவாக இருந்தார். அவரிடம் கத்தியது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன். ஒருவர் திடீரென்று மாறினால் "ஏன் இப்படிப் பண்றார்?" என்று யோசிப்பதற்கு முன், "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். ஓரிரு நாளில் வந்த குழப்பம், அதுவும் காலையில் தெளிந்து மாலையில் கூடுகிறது என்றால், உடம்பில் ஏதோ நடக்கிறது. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுவது, மலச்சிக்கல், புதிய தூக்க மாத்திரை, சளி மாத்திரை எதுவும் இதைச் செய்யும். தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். வயசாச்சு என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உப்புதான் குறைவு என்று நீங்களாக உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். சோடியம் வேகமாக ஏறினால் மூளைக்கே ஆபத்து.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாள் ஆரம்பித்தது, எந்த நேரம் அதிகம், ஒரு மாதத்தில் எந்த மருந்து சேர்ந்தது அல்லது நின்றது, தூக்கம், சிறுநீர். மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எங்களுக்குக் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த அட்டைதான்.

வாய் குழறினாலோ, முகமோ கையோ ஒரு பக்கம் தொய்ந்தாலோ தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

சர்க்கரை நோயாளி வியர்த்து, நடுங்கி, எரிந்து விழுந்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

மாதக்கணக்கில் மெல்ல வரும் மாற்றம் வேறு. குளிக்கக்கூட எழாதவரைச் சோம்பேறி என்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு குறைவாகவும் இருக்கலாம். தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மனச்சோர்வு சிலரிடம் அழுகையாக வராது, சிடுசிடுப்பாகத்தான் வரும். "சாகணும்போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "ஆமாம்" என்றால் தனியாக விடாமல் அன்றே உதவி தேடுங்கள்.

குழம்பியிருப்பவரிடம் வாதாடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள், உங்கள் பெயரைச் சொல்லி எதிரில் உட்காருங்கள். இன்னொரு தடவை வந்தால் நான், "வளையலைச் சேர்ந்து தேடலாம், வாங்கம்மா" என்றுதான் சொல்வேன்.