பதற்றத்துக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சுண்டெலியில் சோதிக்கும் முறை

"ஒரு மருந்தைக் குறைந்த டோஸில் கொடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றும் அப்படித்தான். சேர்த்துக் கொடுத்ததும் பதற்றம் நன்றாகக் குறைகிறது. இது சினர்ஜிதானே?"

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சினர்ஜி என்றால் இரண்டு மருந்தின் தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமான விளைவு. பதிலாக நான் ஒரு கணக்கைப் போடச் சொல்வேன். பதற்றம் தணிக்கும் டயசிபாம் என்ற ஒரே மருந்தை இரண்டு சிரிஞ்சில் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். ஒரு சிரிஞ்சை மட்டும் போட்டால் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இரண்டையும் போட்டால் 1 மில்லிகிராம், விளைவு தெரியும். அதற்காக டயசிபாமுக்கும் டயசிபாமுக்கும் சினர்ஜி என்று யாராவது எழுதுவார்களா? தனியாக வேலை செய்யாத இரண்டு டோஸ்கள் சேர்ந்து வேலை செய்வது வெறும் கூட்டலாகவும் இருக்கலாம். கூட்டலைவிட அதிகமா என்று பார்ப்பதற்குத்தான் சோதனையைத் திட்டமிட வேண்டும்.

முதலில், எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். டயசிபாம் மூளையில் காபா-ஏ ஏற்பியில் வேலை செய்கிறது. பஸ்பிரோன் என்ற இன்னொரு பதற்ற மருந்து செரோட்டோனின் 1ஏ ஏற்பியில். வழிகள் வேறு என்பது மட்டும் போதாது. டயசிபாமின் அளவைக் குறைத்து, தூக்கமும் தள்ளாட்டமும் இல்லாமல் பதற்றத்தைத் தணிக்க முடியுமா என்பதுதான் பயனுள்ள கேள்வி. பதற்றம் குறையும் அதே அளவுக்குத் தள்ளாட்டமும் கூடினால் அந்தச் சேர்க்கையால் நோயாளிக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. ஃபுளுவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரே ஊசியில் அது பதற்றத்தைக் கூட்டவும் செய்யும். வாரக்கணக்கில் தினமும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிளஸ் மேஸைவிட (உயரத்தில் வைத்த கூட்டல் குறி வடிவ மேடை; இரண்டு கை திறந்தவை, இரண்டு சுவரால் மூடியவை; பதற்றமான விலங்கு திறந்த கையைத் தவிர்க்கும்), பசித்த விலங்கு புது இடத்தில் எவ்வளவு நேரம் கழித்துத் தீனியைத் தொடுகிறது என்று பார்க்கும் சோதனை பொருத்தம்.

அப்புறம், ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக, டோஸ் ஏற ஏற விளைவு எப்படி மாறுகிறது என்று காட்டும் டோஸ் வளைவு வரையுங்கள். வெஹிக்கிளோடு, அதாவது மருந்தில்லாத வெறும் கரைப்பானோடு, குறைந்தது நான்கு டோஸ். இதைத் தாண்டிப் போக குறுக்குவழி கிடையாது. பஸ்பிரோனின் வளைவு பல சோதனைகளில் மணி வடிவில் ஏறி இறங்கும். இறங்கும் பக்கத்தில் ஒரு டோஸை எடுத்துவிட்டு "தனியாக வேலை செய்யவில்லை" என்று சொன்னால் அதற்குமேல் போடும் கணக்கு எல்லாமே பிசகும்.

எளிமையான அமைப்பு நான்கு குழுக்கள்: வெஹிக்கிளும் வெஹிக்கிளும், முதல் மருந்தும் வெஹிக்கிளும், வெஹிக்கிளும் இரண்டாம் மருந்தும், இரண்டு மருந்தும். எல்லா விலங்குக்கும் இரண்டு ஊசி, ஒரே கன அளவு, ஒரே நேரம். ஊசி குத்துவதே பதற்றம் தருவது என்பதால் இதில் சமரசம் வேண்டாம். டயசிபாம் தண்ணீரில் சரியாகக் கரையாது. ட்வீன் 80 அல்லது புரொப்பிலீன் கிளைக்கால் தேவைப்படும். கண்ட்ரோல் விலங்குக்கும் அதே கரைப்பான்தான் போக வேண்டும், வெறும் சலைன் அல்ல. இரண்டு மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள். வீழ்படிவு வந்தால் உள்ளே போன டோஸ் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மருந்தும் உச்சம் எட்டும் நேரம் வேறு. இரண்டு உச்சமும் சோதனை நேரத்தில் விழும்படி ஊசி நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வயிற்றறைக்குள் போடும் டயசிபாமுக்கு 30 நிமிடம் முன்பு என்பது வழக்கம்.

இந்த நான்கு குழு அமைப்பு, சேர்க்கை மேற்கொண்டு பார்க்கத் தகுந்ததா என்று சொல்லும். சினர்ஜி என்று எழுத ஐசோபோலோகிராம் வேண்டும், அதாவது ஒரே அளவு விளைவைத் தரும் டோஸ் சேர்க்கைகளை ஒப்பிடும் வரைபடம். தத்துவம் எளிது. முதல் மருந்து தனியாகப் பாதி விளைவு தர கிலோவுக்கு 2 மில்லிகிராம் வேண்டும், இரண்டாவதுக்கு 4 வேண்டும் என்று வையுங்கள். வெறும் கூட்டல் என்றால் 1-உம் 2-உம் சேர்த்தால் அதே பாதி விளைவு வரும். நீங்கள் 1:2 விகிதத்தில் டோஸை ஏற்றி இறக்கிப் பார்த்து, 0.5-உம் 1-உம் போதும் என்று கண்டால், 0.5/2 கூட்டல் 1/4, மொத்தம் 0.5. இந்த எண் 1-க்குக் கீழே, அதன் நம்பக இடைவெளியும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 1-ஐத் தொடாமல் இருந்தால் சினர்ஜி. 1-ஐ ஒட்டி இருந்தால் கூட்டல், தெளிவாக மேலே போனால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறது. இரண்டு மருந்தும் தனியாக அந்தப் பாதி விளைவை எட்டக்கூடியவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு இப்படியே பொருந்தும்.

விலங்குகளைப் பற்றி. நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்தபிறகுதான் எதையும் தொடங்க வேண்டும். எத்தனை விலங்கு என்பதைப் புள்ளியியல் கணக்கால் முடிவு செய்யுங்கள், பழக்கத்தால் அல்ல. விலங்குச் சோதனைக்கான நெறிகளாக ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்னதில் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது என்பதும் ஒன்று. ஆனால் முடிவே சொல்ல முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டால் அத்தனை உயிரும் வீண். ஆண், பெண் இரண்டையும் சேருங்கள். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். குழாய்க்குள் நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுங்கள். வாலைப் பிடிப்பதே அதன் பதற்றத்தைக் கூட்டுகிறது என்று 2010-லேயே காட்டிவிட்டார்கள். பதற்றத்தை அளக்கப் போகும் நாமே அதை ஊட்டக் கூடாது. சோதனை அறையில் குறைந்தது ஒரு மணி நேரம் பழகவிடுங்கள்.

பிளஸ் மேஸில் சுண்டெலிக்குக் கை 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், மூடிய கையின் சுவர் 15 செ.மீ. நேரம் 5 நிமிடம். இரண்டு திறந்த கையிலும் வெளிச்சம் ஒன்றாக இருக்கட்டும். நான்கு காலும் உள்ளே வந்தால்தான் ஒரு நுழைவு. மென்பொருள் எண்ணித் தரும் என்றாலும் வீடியோவை ஒருமுறை நேரில் பாருங்கள் என்று வற்புறுத்துவேன். பின்னங்கால் மூடிய கையிலேயே நிற்க, உடம்பை நீட்டி, மூக்கைத் திறந்த கைக்குள் விட்டு, மீசை துடிக்க மோந்துவிட்டு சட்டென்று பின்வாங்கும். இந்த நீட்டிப் பார்க்கும் நிலை, விளிம்புக்கு வெளியே தலையைக் குனிந்து எட்டிப் பார்ப்பது, இவையெல்லாம் நேரக் கணக்கில் வராத தகவல். மருந்து வேலை செய்த விலங்கு நீட்டிப் பார்ப்பதைக் குறைத்து, நேராக நடந்துபோய் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு விலங்குக்குப் பிறகும் மேடையைத் துடைத்து, உலரவிட்டு, அடுத்ததை விடுங்கள்.

அதே விலங்கைத் திரும்ப ஏற்றாதீர்கள். ஒருமுறை மேஸைப் பார்த்த விலங்கில் டயசிபாம் போன்ற மருந்துகளின் விளைவு பெரும்பாலும் மங்கிவிடும். எனவே ஒரே விலங்கில் முதலில் தனி மருந்து, பிறகு சேர்க்கை என்று ஒப்பிடும் எண்ணமே வேண்டாம்.

திறந்த கையில் நேரம் கூடியது என்பது மட்டும் பதற்றம் குறைந்ததற்குச் சாட்சி ஆகாது. ஓட்டம் கூடினாலும் அப்படித் தெரியும். மூடிய கை நுழைவுகளைப் பாருங்கள், ஓப்பன் ஃபீல்டில் (திறந்த பெட்டியில் உலவவிடும் சோதனை) கடந்த தூரத்தைப் பாருங்கள், தனி விலங்குகளில் ரோட்டாராடும் (சுழலும் தண்டில் விழாமல் நிற்கிறதா என்று தள்ளாட்டத்தை அளக்கும் சோதனை) செய்யுங்கள். இங்கேயும் டோஸ் வளைவு வேண்டும், சேர்க்கைக்கும் சேர்த்து. ஐசோபோலோகிராமில் கணக்கிட்ட அந்த எண் பதற்றத்துக்கு 0.5, தள்ளாட்டத்துக்கு 1 என்று வந்தால் அது நல்ல செய்தி.

ரத்தத்தில் அளவையும் பாருங்கள். ஒரு மருந்து மற்றதைச் சிதைக்கும் கல்லீரல் என்சைமைத் தடுத்தால், மூளையில் சினர்ஜி எதுவும் இல்லாமலே விளைவு கூடும். மனிதர்களில் ஃபுளுவாக்சமைன் என்ற மனச்சோர்வு மருந்து டயசிபாமின் அளவை இப்படித்தான் உயர்த்துகிறது. தனியாகக் கொடுத்தபோதும் சேர்த்துக் கொடுத்தபோதும் பிளாஸ்மா அளவு ஒன்றாக இருந்தால்தான் ஏற்பி மட்டத்தில் விளக்கம் தேட அர்த்தமுண்டு.

எந்தக் குழு என்று மேஸில் விடுபவருக்கும் வீடியோ எண்ணுபவருக்கும் தெரியக் கூடாது. குப்பிகளில் குறியீடு போடுவதை வேறொருவரிடம் விடுங்கள். திறந்த கையிலிருந்து விழுந்த சுண்டெலியைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதை முதல் விலங்கை ஏற்றுவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். விழுந்தவை எந்தெந்தக் குழு என்பதையும் அறிக்கையில் சொல்லுங்கள். சேர்க்கைக் குழுவில் மட்டும் நிறைய விழுந்திருந்தால், அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்துக்குக் கணக்குப் போடுவதற்கு முன் ரோட்டாராட் எண்களை மறுபடி எடுத்துப் பாருங்கள்.