ரெட்டிக்கிள் கோடுகளைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுதல்

துப்பாக்கியின் குறிநோக்கியிலும் கடற்பயணத்துக்குரிய 7×50 பைனாகுலர்கள் பலவற்றிலும், காட்சியின் நடுவே சிறு கோடுகளோ புள்ளிகளோ வரிசையாகத் தெரியும். ரெட்டிக்கிள் எனப்படும் இது ஒரு கோண அளவுகோல். எதிரே உள்ள பொருளின் உயரம் தெரிந்திருந்தால், அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை இதைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். இங்கே பைனாகுலரை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதன் அலகு மில், அதாவது ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1,000 மீட்டர் தொலைவில் நிற்கும் 1 மீட்டர் உயரப் பொருள் 1 மில் அளவு தெரியும். ஆகவே உயரத்தை மீட்டரில் எடுத்து, 1,000-ஆல் பெருக்கி, கண்ட மில் எண்ணால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். கோடுகளுக்கு இடையே 5 மில்லா, 10 மில்லா என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேடு இல்லையென்றால், 1 மீட்டர் கோல் ஒன்றை டேப் பிடித்து அளந்த 100 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பாருங்கள்; அது அடைக்கும் இடம் 10 மில்.

கன்னியாகுமரிக் கடலில் படகிலிருந்து திருவள்ளுவர் சிலையைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அதன் உயரம், அறத்துப்பால் அதிகாரங்களின் எண்ணிக்கைப்படி 38 அடிப் பீடமும் அதன் மேல் 95 அடிச் சிலையுமாக மொத்தம் 133 அடி, அதாவது ஏறத்தாழ 40.5 மீட்டர். பீடத்தின் அடியை ஒரு கோட்டில் பொருத்தி, தலை உச்சி 27 மில்லில் நிற்கக் கண்டால், தூரம் 1,500 மீட்டர். ஆனால் 133 அடியும் சிலைக்கே உரியது என்று எண்ணி, பாதம் முதல் உச்சி வரை மட்டும் அளந்தால், சுமார் 19.3 மில்தான் வரும். கணக்கு 2,100 மீட்டர் என்று காட்டும். வகுத்தலில் ஒரு தவறும் இல்லாமலேயே 600 மீட்டர் பிழை. என் கருத்தில், இந்த முறையில் வரும் பெரும் பிழைகள் கருவியால் வருபவை அல்ல, எங்கிருந்து எதுவரை என்று கேட்காமல் எடுத்துக்கொண்ட உயரத்தால் வருபவை. கடல் வரைபடத்தில் கலங்கரை விளக்கத்தின் அருகே குறித்திருக்கும் உயரமும் கோபுரத்தின் உயரம் அன்று. அது நீர்மட்டத்திலிருந்து விளக்கு வரை உள்ள அளவு.

முழங்கைகளை எதிலாவது ஊன்றிக்கொண்டு, மூன்று முறையாவது அளந்து சராசரி எடுப்பது நல்லது. 27 மில்லை 26 என்று வாசித்தால் பிழை 60 மீட்டருக்குள் அடங்கிவிடும்; அதே சிலை 4 மில்லாகச் சுருங்கித் தெரியும் தொலைவில் அதை 5 என்று வாசித்தால், 10 கிலோமீட்டர் 8 கிலோமீட்டராகிவிடும். மேலும், கண் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடுவதால், அதற்கு அப்பால் உள்ள படகின் அடிப்பகுதி மறைந்து, தூரம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும்.

உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய குறிநோக்கியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரெட்டிக்கிள் முன்குவியத் தளத்தில் இருந்தால், அதாவது பெருக்கத்தை மாற்றும்போது காட்சியோடு கோடுகளும் சேர்ந்து பெரிதாகிச் சிறிதாகும் அமைப்பாக இருந்தால், எந்தப் பெருக்கத்திலும் அளவு சரியாக வரும். பின்குவியத் தளத்தில் இருந்தால், காட்சி மட்டும் மாறிக் கோடுகள் மாறாமல் நிற்பதால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஒரே பெருக்கத்தில்தான், பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில்தான், கோடுகள் மெய் சொல்லும். கோடுகள் மில்லுக்குப் பதில் கோணக் கலையில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, MOA) இருந்தால், 1 மில் 3.44 கலை என்று மாற்றிக்கொண்டு அதே கணக்கைப் போடலாம்.