சுருதி மாறாமல் பேச்சை மெதுவாக்குவது: பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதுவோருக்கு

நீலகிரியில் கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பெரியவர்கள் படுக மொழியில் கதை சொல்லும்போது செல்போனில் பிடித்து வைத்துவிடுகிறோம். எழுத உட்காரும்போதுதான் பாதி வார்த்தை காதில் நிற்காது. வேகத்தைக் குறைத்துக் கேட்பதே வழி. ஆனால் எவ்வளவு குறைப்பது, எதை அந்த வேகத்தில் நம்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழைய டேப்பை முக்கால் வேகத்தில் ஓட்டினால் குரலின் 'ச' கீழ் ஸ்தாயி 'ப'-வுக்கு இறங்கிவிடும். அரை வேகத்தில் ஒரு ஸ்தாயி முழுக்க இறங்கி, பாட்டி குரல் தாத்தா குரலாகிவிடும். இப்போதுள்ள பிளேயர்கள் ஒலியைச் சில பத்து மில்லிசெகண்டு துண்டுகளாக நறுக்கி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, தேவைப்பட்ட இடத்தில் அதே ஒலியை மறுபடி வைத்து நீட்டுகின்றன. துண்டுக்குள் இருக்கும் அலை மாறுவதில்லை, அதனால் சுருதி அப்படியே நிற்கிறது. வரும் கோளாறுகளுக்கும் இந்த வெட்டி ஒட்டும் வேலைதான் காரணம்.

மலையில் நெட் நம்பிக்கையில்லை. ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு விஎல்சி (VLC) என்ற பிளேயரில் ஓட்டுங்கள். கம்ப்யூட்டரில் [ விசை ஒவ்வொரு தட்டலுக்கும் வேகத்தை 0.1 குறைக்கும் (முழு வேகம் 1), ] கூட்டும், = பழைய வேகத்துக்குக் கொண்டுவரும். கழித்தல் விசை வேண்டாம், ஒரே தாவலில் 0.67-க்குப் போய்விடும். ஷிஃப்டோடு இடது அம்புக்குறியைத் தட்டினால் 3 விநாடி பின்னால் போகும். எழுதுகிறவருக்கு இதுதான் உயிர். குரல் தடித்துக் கேட்டால் பிரிஃபரன்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். போனில் மூன்று புள்ளியைத் தொட்டால் பிளேபேக் ஸ்பீட் வரும். யூடியூபில் கியர் படத்துக்குள் 0.75 இருக்கிறது, சுருதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வேகம் கூட்டத்தான் முடியும். அதை விஎல்சிக்கு ஷேர் செய்து திறங்கள். வீடியோ அனுப்பச் சொன்னால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது நசுங்கித்தான் வந்து சேரும்.

0.8-இல் தொடங்குங்கள். பெரும்பாலும் 0.7-க்குக் கீழே போக வேண்டியிருக்காது. 0.5-க்கும் கீழே போனால் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போல எதிரொலிக்கும்.

இனி முக்கியமான விஷயம். நம் மொழிகளில் குறிலும் நெடிலும் வேறு வேறு சொல். அரை வேகத்தில் குறில் இரண்டு மாத்திரைக்கு நீள்கிறது. 'படி' என்றது 'பாடி' போலக் கேட்கும். வல்லினமும் தப்பாது: வெட்டி ஒட்டும் இடம் ட்-இன் வெடிப்பின் மேல் விழுந்தால் ஒற்று இரட்டித்து, 'பட்டி' என்று எழுதிவிடுவீர்கள். ஆகவே மெதுவாக ஓட்டும்போது என்ன எழுத்து என்று மட்டும் தீர்மானியுங்கள். நீளத்தையும் இரட்டிப்பையும் = அழுத்தி முழு வேகத்தில் மூன்று தடவையாவது கேட்டு முடிவு செய்யுங்கள். படுக மொழியில் நாக்கை மடக்கிச் சொல்லும் உயிரெழுத்துகளை மொழியியலாளர் எமனோ 1939-லேயே பதிவு செய்திருக்கிறார். வயதானவர் பேச்சில் அப்படி ஒரு ஒலி கேட்டால், மெதுவாக்கியதால் வந்த உலோகச் சத்தமா, வாயிலிருந்தே வந்ததா என்பதற்கும் முழு வேகமே சாட்சி.

காற்றும் தகரக் கூரை மழையும் பெரிய தொல்லை. மழைச் சத்தத்தில் ஒரே சீரான அலை கிடையாது. துண்டுகளை எங்கே பொருத்துவது என்று பிளேயர் தடுமாறும், மழை புளுபுளுவென்று கொப்பளிக்கும். ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் போட்டால் காற்றின் உறுமல் பெரும்பாலும் அடங்கும். மழையை அது எடுக்காது. எப்போதும் முதலில் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் மெதுவாக்குங்கள். அங்கே 'சேஞ்ச் டெம்போ'வைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், -25 சதவீதம் கொடுத்தால் முக்கால் வேகம். 'சேஞ்ச் ஸ்பீட்' சுருதியையும் சேர்த்து இறக்கிவிடும். மூலப் பதிவின் மேலேயே சேமித்துவிடாதீர்கள், நகலில் செய்யுங்கள்.

முக்கால் வேக நகலில் 10 நிமிடப் பதிவு 13 நிமிடம் 20 விநாடி ஓடும். மூலத்தில் 4:00-இல் வரும் சொல் நகலில் 5:20-இல் வரும். நோட்டில் மூலத்தின் நேரத்தையே குறியுங்கள்: நகல் நேரத்தை விநாடியாக்கி 0.75-ஆல் பெருக்கினால் கிடைக்கும்.